மெழுகுவர்த்தி வேண்டாம்

“எங்கட வள்ளியம்மா என்ன, மெழுகுவர்த்தியே?”

கதிரையில் உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல், அந்த அம்மா கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டாள். பாக்கியரத்தினம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அச்சடிக்க முன்னர் பிழைதிருத்தம் பார்க்கச் சொல்லி அவர் அனுப்பிய கல்வெட்டுத்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அந்த நினைவுப் புத்தகத்துக்குப் பாட்டு எழுதுவதில், திருகோணமலையில் பாக்கியரத்தினத்தை மிஞ்ச ஆள் இல்லை. ஊர் அப்படிச் சொல்லும். ஊர் மறந்துபோனால் அவரே சொல்லுவார். உயிர் போக முன்னரே எழுதக் கேட்டு வருகிறவர்களை, அது காலனுடைய வேலை என்று வாசலோடு திருப்பிவிடுவார். செத்தவீட்டுக்காரர் ஒருவரும் இதுவரை அவருடைய ஓர் எழுத்தையாவது மாற்றச் சொன்னதில்லை.

“நீங்கள் வள்ளியம்மாவுக்கு என்ன முறை?” என்று கேட்டார்.

“ஒரே வீட்டில பிறந்து வளர்ந்தது. போனில விபரம் தந்ததும் நான்தான்.”

தமக்கையோ தங்கையோ, துக்கத்தில் கதைக்கிறாள் என்று அவர் பொறுத்துக்கொண்டார். தன்னை உருக்கிப் பிறருக்கு ஒளி தருவது மெழுகுவர்த்தி, தாய்க்கு அதைவிட உயர்ந்த உவமை கிடையாது என்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினார்.

அவள் விடுவதாக இல்லை. பையைத் திறந்து பழைய கல்வெட்டுகளை எடுத்துப் பரப்பினாள். எல்லாம் அவர் எழுதியவை. உப்புவெளி ரீச்சர் மெழுகுவர்த்தி. சல்லிக் கோயிலடி அம்மா தேய்ந்த சந்தனக்கட்டை. இன்னொருத்தி எரிந்துபோன ஊதுபத்தி.

“பொம்பிளையளை ஒண்டில் எரிக்கிறியள், இல்லாட்டி அரைக்கிறியள். ஆம்பிளையள் எல்லாரும் மலை, ஆலமரம், கலங்கரை விளக்கம். அவையள் மட்டும் ஏன் ஐயா தேயிறேல்லை?”

பாக்கியரத்தினத்துக்குச் சுருக்கென்றது. தன் பாட்டைக் கேட்டுச் சனம் விம்மி விம்மி அழுவதைக் கண்ணால் கண்டவர் அவர். இது மரபு, கண்ட கண்ட ஆட்கள் வந்து கைவைக்கிற சாமான் இல்லை என்று சற்று உரத்தே சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கோபத்தில் உதடு துடித்தது. இன்னொரு கல்வெட்டை அவருக்கு முன்னால் தள்ளினாள். அது வள்ளியம்மாவின் கணவருடையது. சில வருடங்களுக்கு முன்னர், அந்த மனிதரின் தம்பிமார் வந்து எழுதுவித்துக்கொண்டு போனது. அதில் அவர் ஆலமரம்.

அந்த ஆலமரத்தின் கதையை அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். உழைத்ததையெல்லாம் கள்ளுத் தவறணையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஆடி ஆடி வருகிற ஆலமரம். வள்ளியம்மா இருட்டோடு எழும்பி இடியப்பம் அவித்து, சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் குதங்களில் வேலை செய்கிறவர்களுக்கு விற்றுத்தான் பிள்ளைகளை ஆளாக்கினாள். சீட்டுக் கட்டி வீட்டுக்கு ஓடு போட்டாள். ஒருநாள் ஆலமரம் அந்தச் சீட்டுக்காசில் கைவைத்தபோது, தேங்காய் திருவலையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முனை வரைக்கும் அவரைத் துரத்திக் கலைத்துக்கொண்டு போனாள்.

“பொறுமையில் பூமாதேவி எண்டு எழுதியிருக்கிறியள். அவவுக்கு எங்காலை பொறுமை? கோவம்தான் இருந்தது. உலைத்தண்ணி மாதிரிக் கோவம். அது கொதிச்சபடியால்தான் அந்த வீட்டில சோறு வெந்தது.”

பாக்கியரத்தினம் ஆலமரக் கல்வெட்டை மூடி ஒருபக்கம் வைத்தார்.

“அவ உருகவும் இல்லை, தேயவும் இல்லை. உருகிப்போயிருந்தால் பிள்ளையளுக்கு ஆர் சாப்பாடு குடுத்தது? ஒரு மனிசியை அவ இருந்த மாதிரி எழுத உங்களுக்கு ஏலாதே?”

“அப்ப என்னெண்டுதான் எழுதச் சொல்லுறியள்?” அவருடைய குரல் இறங்கியிருந்தது.

அவள் சன்னலைக் காட்டினாள். உவர்மலைச் சரிவுக்குக் கீழே, துறைமுகத்துக்குள் ஒரு பெரிய கப்பல் வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்பது பேச்சுக்குத்தான். முன்னால் ஒரு சின்ன இழுவைப் படகு கயிறு கட்டி அதை இழுத்துக்கொண்டிருந்தது. வீதியில் நின்றவர்கள் போனை நீட்டிக் கப்பலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இழுக்கிற அந்தச் சின்னப் போட்டை எழுதுங்கோ,” என்றாள்.

நல்ல உவமை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பாக்கியரத்தினத்துக்குக் கோபம் தங்காது. பேனையை எடுத்தார். மெழுகுவர்த்தியை வெட்டினார், பூமாதேவியையும் வெட்டினார். முணுமுணுத்தபடி ஓரத்தில் எழுதி, வாய்விட்டு வாசித்தார்.

“கயிறொன்று தோளேற்றிக் கப்பலைக் கரைசேர்த்தாய்...”

இவ்வளவு நேரமும் சண்டைக்கு நின்றவளின் கண் கலங்கிவிட்டது. இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இதுதான், இதைத்தான் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பாக்கியரத்தினத்துக்கும் மனம் நிறைந்துபோனது. இன்றைக்கே அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று முன்பக்கத்தைப் புரட்டினார். ‘மலர்வு’ என்ற இடத்தில் பிறந்த திகதி இருந்தது. பக்கத்தில் ‘உதிர்வு’ என்ற இடத்தில் இறந்த திகதி இல்லை.

“மோசம் போன திகதியைப் பிறகு தாறன் எண்டு சொன்னனீங்கள். இன்னும் தரேல்லையே அம்மா?”

“அதை வெறுமையா விடுங்கோ,” என்றாள் வள்ளியம்மா. “நாள் வரேக்க என்ர மூத்தவன் போடுவான்.”