ஒரே இழையில்

மங்கையர்க்கரசி தன் ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட் நஞ்சு சுரக்கும். அருகில் வேறு எந்த ஈஸ்ட்டையும் வாழவிடாது. நஞ்சுக்கான மரபணு அதன் உட்கருவில் இல்லை. வெளியே தனியாக மிதக்கும் சின்ன இழையொன்றில் இருந்தது. புற ஊதா விளக்கில் காட்டி, ஒரு பங்கு ஈஸ்ட்டிலிருந்து அந்த இழையைத் தொலைத்துவிட்டாள்.

"இனிமே அது சாதுவா இருக்கும்ல மேடம்," என்றார் ஆய்வக உதவியாளர் இருதயராஜ். அவரும் வீட்டில் அதைத்தான் செய்திருந்தார். மனைவி அமலிக்கும் அவருடைய அக்காமார் இருவருக்கும் ஒரே வீடு. மூன்று பெண்களுக்கும் தேள்கொடுக்கு நாக்கு. ஒருத்தியாவது அடங்கட்டும் என்று, இனி எதிர்த்துப் பேசமாட்டேன் எனப் போன மாதம் அமலியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவளும் வாய் திறப்பதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

சாதுவான ஈஸ்ட்டைப் பழைய கூட்டத்தோடு கலந்து வைத்தார்கள். மறுநாள் சாதுவானது முழுக்கச் செத்துக் கிடந்தது.

"கூடப் பொறந்ததுகளே கொன்னுருச்சா?"

"நஞ்சைத் தாங்குற மரபணுவும் அதே இழையிலதான் இருந்துச்சு. போனா ரெண்டும் சேந்துதான் போகும்."

இருதயராஜ் வராந்தாவுக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டார்.

"அமலி, அந்தச் சத்தியம் வேண்டாம். அக்கா ஏதாவது சொன்னா நீயும் திருப்பிச் சொல்லு."

"இதச் சொல்ல ஒரு மாசமாச்சாக்கும் ஒங்களுக்கு?" என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. அவர் காதிலிருந்து போனை எடுக்காமல் சிரித்தபடி நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.