கூப்பிடாத பெயர்

தோர்ண்டன் ஹீத்தில் குடும்ப வைத்தியரின் ஜீபி சேர்ஜரியில் ஒரு சின்ன அறைக்குள் மாசி மாதத்து வெயில் சன்னல் தட்டிகளூடே கோடு கோடாக விழுகிறது. முதியவர் மடுத்தீனின் கையிலிருந்து பிறஷர் பட்டியைக் கழற்றிய மதுரைக்காரத் தாதி ஞாபகசக்திக் கேள்விகளைத் தொடங்குகிறாள். "இது என்ன மாசம், ஐயா?" "தவக்காலம் தொடங்கிட்டுது," என்கிறார் அவர். தாதி சிரிக்கிறாள். அவருடைய தொப்பியை மடியில் வைத்திருக்கும் மனைவி திரேசம்மாவின் உதடுகள் மாதத்தின் பெயரை ஓசையில்லாமல் சொல்லுகின்றன. வீட்டிலும் இப்படித்தான், அவர் தடுமாறுமுன் அவளே சொல்லிவிடுவாள். "அம்மா, நீங்க சொல்லக் கூடாது. ஐயா, உங்க மனைவி பேரு என்ன?" அவர் சன்னல் பக்கம் பார்க்கிறார். வெளியே பஸ் ஒன்று கதவைத் திறந்து மூடிக்கொண்டு போகிறது. "அவர் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லைப் பிள்ளை. கலியாணம் கட்டின நாளிலையிருந்து 'இஞ்சேரும்' தான்," என்கிறாள் திரேசம்மா அவசரமாக. தாதியின் பேனா தயங்குகிறது. மடுத்தீன் மெல்லத் திரும்பி, திரேசம்மாவுக்கு நன்றாகப் பழகிய அதே புன்னகையோடு அவளைப் பார்த்துக் கேட்கிறார்: "குறை நினையாதேங்கோ, பிள்ளை. உங்கட பேர் என்ன?"