முதல் இடத்துக்காரன்

ஆர்மான் திபோ மூன்றாவது முறையாகப் பனித்தளத்தில் ஹார்லன் அணியின் பெஞ்சுக்கு எதிரே சறுக்கி வந்து நின்றான். கையுறைகளை விரல் நுனிவரை தளர்த்தி வைத்திருந்தான். ஓர் உதறு உதறினால் விழுந்துவிடும்.

"வர்றியா, கோவல்?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் ஹார்லன் ஊர் மொத்தமும் அந்தக் கேள்விக்காகத்தான் மைனஸ் முப்பது குளிரில் வந்திருந்தது. டாரில் கோவலின் பெயரைச் சொல்லிக் கண்ணாடித் தடுப்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

டாரில் கோல் போடுகிறவன் இல்லை. கோல் போடும் பையன்களை எதிரணி இடித்தால், இடித்தவனை அடிப்பது அவன் வேலை. ஐஸ் ஹாக்கியில் ஒவ்வோர் அணிக்கும் இப்படி ஓர் அடியாள் உண்டு. இலையுதிர் காலத்தில் ஊர் வாரப் பத்திரிகை லீகின் தலைசிறந்த பத்து அடியாட்களை வரிசைப்படுத்தியது. டாரில் முதல் இடம். திபோ இரண்டாம் இடம்.

அன்றிலிருந்து பஸ் நின்ற ஊரிலெல்லாம் எவனாவது ஒருவன் கையுறையைக் கழற்றி அவனைச் சண்டைக்குக் கூப்பிட்டான். முதல் இடத்துக்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நிமிடமே அவன் அணியின் சின்னப் பையன்கள் சுவரோடு நசுங்குவார்கள். நான்கு மாதத்தில் இருபத்தொரு சண்டை. ஒன்றில்கூட டாரில் தோற்கவில்லை.

இப்போது வலது கை முழுதாக மூடுவதில்லை. அவனால் போட்டுவிட முடியாததால் மகள் ஜோலீன் தன் கோட்டுப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாள். தலையில் இன்னும் நாலு நல்ல அடி விழுந்தால் அந்த மகளின் பெயரே மறந்துபோகலாம் என்று நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார். டாரில் பயிற்சியாளர் மெர்விடம் ஓய்வு கேட்டுப் பார்த்தான். மெர்வ் சிரித்தார்.

"முதல் இடத்துல இருக்கறவன் கை வலிக்குதுன்னு உக்காந்தா ஊரே காறித் துப்பும்டா. தோத்துட்டு வா, அப்புறம் வீட்ல படு."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மை. தோற்காமல் விலகினால் ஓடிப்போனவன் என்று பெயர். அந்தப் பெயரோடு ஹார்லனில் ஒருவரும் வேலை தர மாட்டார்கள்.

டாரிலிடம் தோற்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எட்டாம் இடத்துக்காரன் தாடை உடைந்து கோதுமை வயலுக்குத் திரும்பினான். ஆறாம் இடத்துக்காரன் சுரங்க வேலைக்குப் போனான். கோவலிடம் அடி வாங்கியவர்கள் என்பதால் இருவருக்கும் அவரவர் ஊரில் இன்றும் பீர் வாங்கித் தருகிறார்கள். கௌரவமாக விழ அவர்களுக்கு மேலே ஒருவன் இருந்தான். டாரிலுக்கு மேலே யாரும் இல்லை.

பட்டியலில் மிச்சமிருந்தது திபோ மட்டும்தான். முதல் இடத்துக்கு வெறிபிடித்து அலைகிறவன், இந்த ஆட்டத்துக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று இரண்டு ஊரிலும் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவனிடம் விழுந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டாரில் காலையிலேயே முடிவு செய்துவிட்டான்.

"வர்றேன்" என்று பெஞ்சின் தடுப்பைத் தாண்டிக் குதித்தான்.

நான்கு கையுறைகளும் பனியில் விழுந்தன. ஒருவன் விழும்வரை தடுக்காத வழக்கப்படி நடுவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் ஜெர்சியை ஒருவர் கொத்தாகப் பிடித்துக்கொண்டு இருவரும் சுற்றினார்கள். திபோ தாடையை மறைக்கவே இல்லை. இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. அடி பார்க்கலாம் என்று காட்டுகிற திமிர் என்று டாரில் நினைத்தான்.

டாரில் இரண்டு குத்து விட்டான். இரண்டையும் பார்த்துத் தோளில் விட்டான். திபோ திருப்பி விட்டது தோள் கவசத்தில் பட்டது, கொசு உட்கார்ந்த மாதிரி. அது போதும். டாரில் முழங்கால் மடங்கி மல்லாந்து விழுந்தான்.

அரங்கத்தில் ஊளை கிளம்பியது. யாரோ எறிந்த காபிக் கோப்பை அவன் காலருகே வந்து உருண்டது. மூலையில் இருந்த வெளியூர்க்காரர்கள் நாற்பது பேர் திபோவின் பெயரைக் கூவத் தொடங்கினார்கள். பனி முதுகுக்குள் இறங்கியது. நான்கு மாதத்தில் டாரில் இவ்வளவு சுகமாகப் படுத்ததில்லை.

சண்டைக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் வெளியே உட்காரும் தண்டனை. இரண்டு கூண்டுகள், நடுவே ஒரு கண்ணாடி. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். எதிரே மெர்வ் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் அவனைக் கிழவன் என்றது, பிணம் என்றது. டாரில் பலகையில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டான்.

பக்கத்துக் கூண்டில் திபோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் ஊர்க்காரர்கள் ஓடி வந்து கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தார்கள். அவன் கை தூக்கவில்லை.

அடித்துக்கொண்ட பிறகு ஒரு நல்ல வார்த்தை சொல்வது இந்தத் தொழிலில் வழக்கம். டாரில் கண்ணாடி இடுக்கில் வாயை வைத்தான்.

"நல்ல அடிப்பா. இனிமே முதல் இடம் உனக்குத்தான்."

கடிகாரத்தில் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. துண்டுக்குள்ளிருந்து திபோவின் குரல் வந்தது. அதில் கோபம்கூட இல்லை.

"விழறதுக்குத்தாம்பா நானும் வந்தேன். நீ முந்திக்கிட்ட."