கொழுப்பு குறையணும்

நூம்பலில் ஒரு ஜிம்மில், உடற்கொழுப்பு பார்க்கும் மெஷினில் ஏறி நின்றாள் ஜெயசீலி. குண்டச்சி என்று சொல்லித் தன்னை விட்டுப்போன புருஷனைப் பழிவாங்கத்தான் அங்கே சேர்ந்திருந்தாள்.

"சூப்பர்க்கா! கொழுப்பு நல்லா கொறஞ்சுகீது," என்றாள் ட்ரெய்னர் ஃபெபி. "இப்போ போய் அவரு முன்னாடி நில்லுங்க. வயிறெரிஞ்சு சாவட்டும்!"

"சாவக்கூடாது ஃபெபி. அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

"இன்னாக்கா சொல்றீங்க?"

"அவருக்கு ஈரல் கெட்டுப்போச்சு. என் ஈரல்ல கொழுப்பு கொறஞ்சாத்தான் பாதிய வெட்டி அவருக்கு வைக்க முடியும்னு டாக்டர் சொன்னாரு. நாளன்னிக்கு ஆபரேஷன்."

"அப்போ பழிவாங்கணும்னு சொன்னது?"

ஜெயசீலி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இனிமே அவரு விடுற ஒவ்வொரு மூச்சும் நான் போட்ட பிச்சை. தெனமும் அத்த நெனச்சுகினே வாழட்டும்."