ஜெபஸ்டினின் ரிப்போர்ட்

"ரத்தம், இதயம் எல்லாம் சரியா இருக்கு. உங்க மகனுக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்றார் உச்சிப்புளி டாக்டர்.

பாம்பனிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த யாகப்பம்மாளின் முகம் வாடியது. "நல்லாப் பாத்தீகளா டாக்டரம்மா? கண்ணு?"

"அதுவும் சரியாத்தான் இருக்கு."

"ஏலே ஜெபஸ்டின், வெளிய இரு." மகன் போனதும் அவள் குரல் தாழ்ந்தது. "இவனுக்கு வலிப்பு இருக்குன்னு எழுதிக் குடுங்க."

"என்னம்மா பேசுறீங்க? அப்புறம் யார் பொண்ணு குடுப்பாங்க?"

"குடுக்காட்டிப் போறாக. வலிப்புக்காரனை எந்தப் படகுலயும் ஏத்த மாட்டாக. இவன் அய்யாவும் அண்ணனும் போன படகு இன்னும் கரைக்கு வரல. நாளைக்கு இவனும் கடலுக்குப் போறேங்கிறான்."

டாக்டர் பேனாவை எடுத்தார். "பொய் எழுத மாட்டேன். நாளைக்கு இன்னொரு டெஸ்ட்டுக்கு வரச் சொல்லி எழுதுறேன்."

"அதுக்கு மறுநாளு?"

"அன்னைக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு."