ஒத்தைச் செருப்பும் சாக்குக்காரனும்

ஒரு லாட்ஜ் வாசல்ல செருப்புங்க கூட்டமா குடியிருந்துச்சு. மழைத்தண்ணி அடிச்சிட்டு வந்த ஒத்தை ரப்பர் செருப்பும் அதுங்களோட ஓரமா ஒண்டிக்கிச்சு.

ஒருநாள் சாக்குக்காரன் வர்றது தெரிஞ்சுது. ஜோடி இல்லாத செருப்பு எது நின்னாலும் அள்ளிட்டுப் போய் எரிச்சிடுவான்.

"அண்ணே, நான் ஓடிடவா?"ன்னுச்சு ரப்பர்.

"காலு இல்லாம எவ்வளவு தூரம்டா ஓடுவ? சும்மா நில்லு"ன்ன லெதர் ஷூ, தன் ஜோடிய விட்டுட்டு உரசி உரசி வந்து ரப்பரை ஒட்டி நின்னுச்சு. அதைப் பாத்து மத்ததும் கடகடன்னு ஜோடி மாறிக்கிச்சு.

சாக்குக்காரன் ஷூவைத் தூக்கினான். "உன் ஜோடி எங்க?"

"இதோ, இந்த ரப்பர்தான்."

"ரெண்டுமே வலது காலாச்சே?"

"லவ் மேரேஜ் சார்."

அவன் சிரிக்கல. ஒவ்வொண்ணா தூக்கிக் கேட்டான். எல்லாமே பக்கத்துல நின்னதைக் காட்டுச்சு. மொத்தமா அள்ளினா லாட்ஜே வெறுங்கால்ல வந்து உதைக்கும். "நாளைக்கு வர்றேன்"னு காலிச் சாக்கோட போனான்.

ரப்பர் சொல்லுச்சு: "அண்ணே, நீங்க உங்க ஜோடிகிட்ட போங்க."

"சாக்குக்காரன் இன்னும் தெருவைத் தாண்டலடா. ஒட்டி நில்லு."