மடியில் ஒரு மீன்

"ஏங்க, அவன் இந்தப் பக்கம்தான் வர்றான். இழுக்காதீங்க."

அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள். புருஷன் காதில் விழாத மாதிரி தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டே இருந்தார். தெருவில் அவருக்குத் தக்கை என்று பெயர். வீடே முழுகினாலும் தான் மட்டும் மேலே மிதக்கிற மனுஷன். பயப்படுகிற வேலையைக் கல்யாணமான அன்றே பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டார்.

நரம்பின் நுனியில் ஒரு சின்ன மீன் துள்ளியது. அவள் அதைப் பிடுங்கி மடியில் போட்டு முந்தானையால் மூடினாள். அது அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு உயிரோடு துடித்தது.

காவலாளி வந்து நின்றான். அவர்கள் தெரு ஆள்தான். அவர்கள் படகுத்துறையில் உட்கார்ந்திருப்பதில் அவனுக்கு ஒன்றுமில்லை. மீன் கண்ணில் பட்டால்தான் வம்பு.

"என்னக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"வெயிலு தம்பி."

"வெயில்தான் எறங்கிடுச்சே."

"வயசாச்சுல்ல. எனக்கு எப்பவும் வேர்க்கும்."

மீன் எகிறியது. அவள் இரண்டு கையாலும் வயிற்றை அமுக்கிக்கொண்டு இருமினாள். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தான். அவளுக்குப் போன உயிர் பாதிதான் திரும்பி வந்தது.

"போதும், நிறுத்திக்கலாங்க. என் ஈரக்குலையே நடுங்குது."

"இருடி. சுண்டுவிரல் தண்டி மீனை வெச்சுக் குழம்பு வைப்பியா, பொட்டு வைப்பியா? மாசமா இருக்கிற நம்ம பொண்ணு மீன் குழம்புன்னு வாய்விட்டுக் கேட்டிருக்கா."

"சந்தையில வாங்கிக்கலாம்."

"சந்தையில எங்க இருக்கு? நல்லதெல்லாம் ஓட்டலுக்குப் போயிடுது. நமக்கு வர்றது ஐஸ்கட்டியும் நாத்தமுந்தான்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. முன்பெல்லாம் இந்தக் கரையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். கேட்க ஆளில்லை. பெரிய ஓட்டல் வந்தது. பாறையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் வேலி வந்தது. படகுத்துறையில் விளக்கும் சாய்வு நாற்காலியும் வந்தன. கடைசியாக, மீன் பிடிக்கக் கூடாது என்று ஒரு பலகையும் வந்தது. ஊர்க்காரர்களுக்குக் கடல் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தம்தான்.

பக்கத்து வீட்டு மொட்டையண்ணன் போன மாதம் இதே இடத்தில் ஒரு மீனோடு அகப்பட்டார். அவரை அப்படியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அதோடு சரி. தினமும் வேலியோரம் வந்து நின்று காது கொடுத்துவிட்டுப் போகிறார். பார்க்கவே வயிறு எரிகிறது. தன் புருஷனை அந்த வேலியோரத்தில் நினைத்துப் பார்க்கவும் அவளுக்குத் துணிவில்லை. கடலைப் பார்க்காவிட்டால் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

"ஏங்க, அங்க ஒரு அம்மா படம் எடுக்குது. சிரிச்சு வைங்க."

தக்கை சிரித்தார். அவளும் சிரித்தாள். மடியில் மீனை வைத்துக்கொண்டு சிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அப்போதுதான் தூண்டில் கம்பு வில்லாய் வளைந்தது.

"பெருசுடி," என்றார் அவர். குரலில் இருபது வயது குறைந்துவிட்டது.

"வேணாங்க. நரம்பை அறுத்து விடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"கை கேக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்ண?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அவர் எழுந்து நின்று, காலை ஊன்றி, விட்டுப் பிடித்து, ஒரே இழுப்பாய் மேலே தூக்கினார். கை நீளத்துக்கு ஒரு மீன். படகுத்துறையின் தரைப்பலகையில் விழுந்து படார் படாரென்று அடித்தது. ரத்தம் தெறித்து ஒரு வெள்ளைக் கால்சட்டையில் பட்டது. ஒரு குழந்தை வீறிட்டது. கை தட்டியவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

மேனேஜர் வந்தார். வெள்ளைக் கால்சட்டைக்காரரிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டார், குழந்தையைக் கொஞ்சினார், எல்லோரையும் சிரித்த முகமாக அனுப்பிவைத்தார். பிறகு அதே சிரிப்போடு இவர்கள் பக்கம் குனிந்தார்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வரக்கூடாது."

"ஐயா, அவரு தெரியாம பண்ணிட்டாரு. மன்னிச்சுடுங்க. கடலைப் பாக்காம அவரால இருக்க முடியாதுங்க."

"தெரியாமலா?"

"ஒரே ஒரு மீனுதானேய்யா. பொறந்ததிலேர்ந்து இங்க பிடிச்ச கை."

மேனேஜர் தொலைவில் யாருக்கோ கையசைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"மீன் பிடிக்கிற மாதிரி உக்காந்திருக்கத்தான் உங்க ரெண்டு பேருக்கும் ஓட்டல் சம்பளம் குடுக்குது. நெசமாவே பிடிக்கச் சொன்னது யாரு?"